உழக்கும் நாட்குறிப்பும்: உணவை அளந்த வரலாற்றில் குமரி மண்

எங்கள் வீட்டு அரிசிப் பானைக்குள் ஓர் உழக்கு கிடந்தது. பித்தளையால் ஆனது; விளிம்பு ஒருபுறம் நசுங்கியிருக்கும். வாப்பாவின் உம்மா உயிரோடு இருந்தவரை அந்த உழக்கில் ஏறி இறங்காமல் ஒரு மணி அரிசிகூடப் பானையை விட்டு வெளியே வந்ததில்லை. இத்தனை பேருக்கு இத்தனை உழக்கு; விருந்தாளி வந்தால் இன்னும் ஒன்று; நோன்பு மாதத்தில் கஞ்சிக்குத் தனிக் கணக்கு. எழுதப் படிக்கத் தெரியாத அந்த மூதாட்டியிடம், போன வெள்ளிக்கிழமை வீட்டில் எவ்வளவு அரிசி செலவாயிற்று என்று கேட்டால் தயங்காமல் சொல்வார்கள்.

அவர்களுடைய மகனுக்கு, அதாவது என் வாப்பாவுக்கு, ஐம்பத்தெட்டாம் வயதில் சர்க்கரை நோய் கண்டது. மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, நேற்றுக் காலை முதல் இரவு வரை என்னென்ன சாப்பிட்டீர்கள் என்பதுதான். வாப்பா இரண்டு வேளையைச் சொன்னார்கள். மூன்றாவது நினைவுக்கு வரவில்லை. இடையில் குடித்த தேநீரைப் பற்றிய எண்ணமே இல்லை. மருத்துவர் மாத்திரைச் சீட்டோடு, நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி உண்பதையெல்லாம் எழுதி வருமாறு சொல்லி அனுப்பினார்.

ஒரு தலைமுறைக்குள் நாம் எதைத் தொலைத்தோம் என்ற கேள்வி அன்று எனக்குள் எழுந்தது. அதைத் தொடர்ந்து போனபோது, உணவை அளப்பது என்ற இந்தச் சிறிய செயலுக்கு மதீனாவும் பக்தாதும் குன்னூரும் நம் நெய்யூரும் இடம்பெறும் நீண்ட வரலாறு இருப்பது தெரிய வந்தது.

முதலில் அளவைகளைப் பார்ப்போம். நாஞ்சில் நாட்டிலும் அதை உள்ளடக்கியிருந்த திருவிதாங்கூரிலும் நான்கு உழக்கு ஒரு நாழி. நான்கு நாழி ஓர் இடங்கழி. பத்து இடங்கழி ஒரு பறை. அரபு நாட்டில் நான்கு முத்து ஒரு ஸாஉ. முத்து என்பது நடுத்தர உருவமுள்ள ஒருவர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. நோன்புப் பெருநாளுக்கு முன் நாம் கொடுக்கும் ஃபித்ரா இந்த ஸாஉவால் அளக்கப்படுகிறது. ஒரு மாதம் பசித்திருந்தவன், அந்த மாதம் முடியும்போது பிறர் பசிக்காக உணவை அளந்து கொடுக்க வேண்டும் என்பதே விதி. குத்துமதிப்பாகக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று அங்கே சொல்லப்படவில்லை.

உணவை அளந்துகொள்ளுங்கள், அதில் உங்களுக்கு பரக்கத் செய்யப்படும் என்ற கருத்துடைய நபிமொழி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறுகிறது. அதை அறிவிப்பவர் மிக்தாம் பின் மஅதீகரிப் (ரலி) அவர்கள். கிந்தா கோத்திரத்தைச் சேர்ந்தவர். பிற்காலத்தில் ஷாம் தேசத்து ஹிம்ஸ் நகரில் வாழ்ந்தவர். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நாம் குத்பாக்களில் அடிக்கடி கேட்கும் நபிமொழி திர்மிதியில் இருக்கிறது. அதை அறிவிப்பவரும் இதே மிக்தாம் (ரலி) அவர்கள்தாம். பானையில் அளப்பதையும் வயிற்றில் அளப்பதையும் ஒரே மனிதர் கேட்டு, நினைவில் வைத்து, நமக்குக் கடத்தியிருக்கிறார். இரண்டாவதை நாம் மேடைதோறும் சொல்கிறோம். முதலாவதை ஏனோ வியாபாரிகளுக்கு மட்டும் உரியதென ஒதுக்கிவிட்டோம்.

இதற்கு மாறாகத் தோன்றும் செய்தி ஒன்றும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. நபி (ஸல்) அவர்கள் மறைந்தபோது தம் வீட்டு அலமாரித் தட்டில் சிறிது வாற்கோதுமை இருந்ததாகவும், அதை நெடுநாள் உண்டு வந்ததாகவும், பிறகொரு நாள் அதை அளந்தபோது அது தீர்ந்து போயிற்றென்றும் ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியிருக்கிறார்கள். அளந்தால் பரக்கத் என்பது ஒன்று. அளந்ததும் தீர்ந்தது என்பது மற்றொன்று. இப்னு ஹஜர் (ரஹ்) முதலான விரிவுரையாளர்கள் இரண்டையும் பொருத்திக் காட்டியுள்ளனர். வாங்கும்போதும் விற்கும்போதும் செலவுக்கு எடுக்கும்போதும் அளப்பது வேறு. இறைவன் தந்ததில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று சந்தேகத்தோடு துருவிப் பார்ப்பது வேறு. என் பாட்டி பானையில் எவ்வளவு இருக்கிறது என்று ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை. எடுத்ததை மட்டுமே அளந்தார்கள். விளக்கவுரைகளை அவர்கள் படித்திருக்க வழியில்லை.

உணவுக்கு அட்டவணை போட்ட முதல் பெரும் முயற்சிகளில் ஒன்றும் நம் நாகரிகத்திலிருந்தே வந்தது. பதினோராம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த இப்னு புத்லான் எழுதிய ‘தக்வீமுஸ் ஸிஹ்ஹா’ என்ற நூலில், உணவுப் பொருள்கள் வான நூலார் கோள்களுக்குப் போடும் அட்டவணையைப் போலக் கட்டம் கட்டமாக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பொருளுக்கும் அதன் இயல்பு, சிறந்த வகை, நன்மை, தீமை, அத்தீமைக்கு மாற்று என்று தனித்தனிக் கட்டங்கள். இப்னு புத்லான் கிறித்தவர்; கலீஃபாக்களின் பக்தாதில் மருத்துவம் படித்து அரபியில் எழுதியவர். நூல் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இலத்தீனுக்குப் போய், படங்களோடு ஐரோப்பிய அரண்மனைகளில் உலவியது.

ஆனால் அட்டவணை வேறு, தன் தட்டைத் தானே கணக்கெடுப்பது வேறு. அதைப் பிடிவாதமாகச் செய்தவர் இத்தாலியின் பதுவா நகரத்து மருத்துவர் சாந்தோரியோ. துலாக்கோலில் தொங்கும் நாற்காலி ஒன்றைச் செய்து, அதில் அமர்ந்து, உண்பதையும் குடிப்பதையும் உடல் கழிப்பதையும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நிறுத்துப் பார்த்து 1614இல் நூலாக வெளியிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஆட்வாட்டர் என்ற அறிவியலாளர், மனிதனை ஓர் அறைக்குள் வைத்து அவன் வெளிவிடும் வெப்பத்தை அளந்தார். மாவுப்பொருளிலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் 9 என்று இன்றும் நாம் பயன்படுத்தும் எண்கள் அவர் வழி வந்தவை. முதல் உலகப் போர் முடிந்த 1918இல் லுலு ஹண்ட் பீட்டர்ஸ் என்ற பெண் மருத்துவர், கலோரியை எண்ணி எடையைக் குறைப்பது எப்படி என்று எழுதிய நூல் அந்நாட்டில் பெருவாரியாக விற்றது. மிகையாக உண்ட நாடுகளின் கதை இது. நம் கதை பசியிலிருந்து தொடங்குகிறது.

குன்னூரில் பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில், 1918இல், ராபர்ட் மெக்கரிசன் என்ற இராணுவ மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அது வளர்ந்து 1928இல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடங்கள் என்ற பெயர் பெற்றது. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை அப்படியே எலிகளுக்குக் கொடுத்து, எலிகளை நிறுத்துப் பார்ப்பது மெக்கரிசனின் முறை. முழுக் கோதுமை ரொட்டியும் பாலும் வெண்ணெயும் பருப்பும் காய்கறியும் அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் எடையில் முதலிடம் பெற்றன. தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாணத்து உணவை உண்டவை கடைசி.

இங்கேதான் நம் மாவட்டம் வரலாற்றில் நுழைகிறது. எவரெஸ்ட் சிகரத்துக்கான 1922, 1924 பயணங்களில் பங்கெடுத்த தியடோர் ஹோவர்ட் சாமர்வெல் என்ற அறுவை மருத்துவர், முதல் பயணத்துக்குப் பின் தென்னிந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்து, நெய்யூர் மிஷன் மருத்துவமனையின் நெருக்கடியைக் கண்டு, இலண்டன் வாழ்வை விட்டுவிட்டு அங்கேயே தங்கினார். ஏறத்தாழ கால் நூற்றாண்டு அங்கே பணியாற்றினார். அவருடைய மேசைக்கு வந்தவர்களில் பெருந்தொகையினர் குடற்புண் நோயாளிகள். தென் திருவிதாங்கூரில் மட்டும் இந்நோய் ஏன் இவ்வளவு பெருகியிருக்கிறது என்பது அவரையும் அவருடன் பணியாற்றியவர்களையும் உறுத்தியது. அவர்கள் கண்ணில் பட்டது மக்களின் தட்டு: மரச்சீனிக் கிழங்கு, அரிசி, மிளகாய், பெயருக்குச் சிறிது மீன். பாலும் காய்கறியும் ஏழைகள் வீட்டில் அரிது.

மெக்கரிசன் திருவிதாங்கூர் ஏழைகளின் இந்த உணவையும் தம் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கால் பங்குக்கும் மேற்பட்ட எலிகளின் வயிற்றில் புண் கண்டது. சென்னை உணவு உண்டவற்றில் அதைவிடக் குறைவு. சீக்கியர் உணவு உண்டவற்றில் இல்லை. கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் நம் முன்னோர் உண்ட கிழங்கும் மிளகாயும் நீலகிரி மலைமேல் ஒரு கூண்டுக்குள் சோதிக்கப்பட்டன என்பதை எண்ணும்போது விசித்திரமாக இருக்கிறது. குடற்புண்ணுக்கு ஹெலிகோபாக்டர் என்ற நுண்ணுயிர் முதன்மைக் காரணம் என்பதை 1980களில் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இருவர் கண்டறிந்து, 2005இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றனர். ஆகவே கிழங்கின் மீது முழுப் பழியையும் போட இயலாது. எனினும், நோயாளியின் தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் இம்மாவட்டத்து மருத்துவமனை ஒன்றில் இத்தனை ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது.

மரச்சீனி நம் மண்ணின் பயிர் அன்று, தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் அதைத் திருவிதாங்கூரில் பரப்பினார். அரிசி போதாத நாட்டில் ஏழையின் வயிற்றை நிரப்ப அது உதவியது. வயிறு நிறைவதும் உடலுக்கு ஊட்டம் கிடைப்பதும் ஒன்றல்ல என்பதைக் காட்ட அளவுகோல் ஒன்று வேண்டியிருந்தது.

அந்த அளவுகோலை இந்தியாவுக்குச் செய்து தந்தவர் மெக்கரிசனுக்குப் பின் 1935இல் குன்னூருக்கு வந்த வாலஸ் அய்க்ராய்ட். இந்திய உணவுப் பொருள்களின் சத்து மதிப்புகளைத் தொகுத்து 1937இல் அவர் வெளியிட்ட சிறு நூல், இன்றுவரை நாம் பயன்படுத்தும் எல்லா இந்திய உணவு அட்டவணைகளுக்கும் மூதாதை. அதே ஆண்டு, பி.ஜி. கிருஷ்ணனுடன் சேர்ந்து தென்னிந்தியக் கிராமங்களில் நடத்திய உணவு ஆய்வையும் வெளியிட்டார். ஆய்வாளர் தராசோடு வீட்டுக்குப் போவார். உலையில் இடுவதற்கு முன் அரிசி, பருப்பு, காய், மீன், எண்ணெய் யாவற்றையும் நிறுப்பார். பல நாட்கள் தொடர்ந்து போவார். பின், வீட்டிலுள்ள ஆண், பெண், குழந்தைகளை அவரவர் தேவைக்கேற்பக் கணக்கிட்டு, தலைக்கு எவ்வளவு என்று பிரிப்பார்.

இந்த ஆய்வு முறையில் ஒரு தொல்லை உண்டு. உணவு ஆய்வு செய்வோர் அனைவரும் அறிந்தது அது. தராசுக்காரர் திண்ணையில் அமர்ந்திருக்கும்போது எந்த வீட்டிலும் வழக்கமான சமையல் நடப்பதில்லை. ஏழை வீட்டில் மானத்துக்காக ஒரு பிடி கூடுதலாக விழும். கூடுதலாக உண்ணும் வீட்டில் வெட்கத்துக்காக ஒரு பிடி குறையும். நோட்டுப் புத்தகம் கொடுத்து எழுதச் சொன்னாலும் இதே கதைதான். எழுத வேண்டுமே என்ற எண்ணம் வந்ததும் கை தயங்குகிறது. அறிவியலாளர்கள் இதைப் பிழை என்றனர். உண்மையான உணவை அறிய விடாமல் தடுக்கும் திரை என்றனர். இந்தப் பிழையைத்தான் பிற்காலத்தார் மருந்தாக்கினர். அதற்குப் பிறகு வருகிறேன்.

இடையில் போர் வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மா அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூர் திகைத்து நின்றது. நாஞ்சில் நாடு அந்த இராச்சியத்தின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்றது; ஆனால் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் விளைவித்ததைக் கொண்டு திருவிதாங்கூர் முழுவதற்கும் உலை வைக்க முடியாது. பங்கீட்டு அட்டை வந்தது. அதுவரை உழக்கால் அளந்த வீடுகள் அவுன்சால் அளக்கத் தொடங்கின. நபர் எண்ணிக்கை, வயது, ஆளுக்கு இவ்வளவு என்று அரசே ஒவ்வொரு வீட்டின் உலையையும் கணக்கிட்டது. மற்றதை மரச்சீனி நிரப்பியது. அந்தக் காலத்தில் பிள்ளைகளை வளர்த்த பெண்கள்தாம், பிற்காலத்தில் அரிசிக்குப் பஞ்சமில்லாதபோதும் உழக்கைக் கைவிடாதிருந்தனர். என் பாட்டியும் அவர்களில் ஒருவர்.

1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. அதே ஆண்டு நிறுவை அளவைச் சட்டம் நிறைவேறி, சில ஆண்டுகளில் கடைத்தெருவிலிருந்து நாழியும் உழக்கும் வெளியேறின. கிலோ வந்தது. கடையில் கிலோவால் வாங்கி வீட்டில் உழக்கால் அளப்பது சில காலம் நடந்தது. பின்பு பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போனார்கள், பணம் வந்தது, மூட்டை அரிசி வந்தது, குக்கர் வந்தது. உழக்கு பரணுக்குப் போயிற்று. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. பசித்த தலைமுறையின் பிள்ளைகள் தம் பிள்ளைகளுக்கு அளக்காமல் போட ஆசைப்பட்டனர். அந்த ஆசையில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

அதன் விளைவை எண்கள் சொல்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு சென்னையிலிருந்து நடத்தப்பட்டு 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் நூற்றுக்கு 39.5 பேர். சர்க்கரை நோய் தமிழ்நாட்டில் 14.4 விழுக்காடு, கேரளத்தில் 25.5 விழுக்காடு. நிர்வாகத்தால் தமிழ்நாட்டிலும், தேங்காயாலும் கிழங்காலும் மீனாலும் கேரளத்திலும் இருக்கும் நம் மாவட்டம் இந்த இரு எண்களில் எதற்கு அருகில் நிற்கும் என்பதை வாசகர்கள் தம் உறவினர் வீடுகளை எண்ணிப் பார்த்து ஊகிக்கலாம்.

இனி அந்தப் பிழை மருந்தான கதை. 1967இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டுவர்ட் என்ற ஆய்வாளர் எட்டுப் பேரைக் கொண்டு ஒரு சிறிய சோதனை செய்தார். எப்போது, எங்கே, எவ்வளவு உண்கிறோம் என்று அவர்களே எழுதி வருவது அதன் அடிப்படைகளில் ஒன்று. ஓராண்டில் அவர்கள் எடை குறைந்தது, அப்போதைய மருத்துவ உலகை வியக்க வைத்தது. பின்னர் 2008இல் வெளியான ஓர் ஆய்வில் ஏறத்தாழ 1,700 பேர் பங்கேற்றனர். ஆறு மாதங்களில், அனேகமாக நாள்தோறும் உணவைப் பதிந்தவர்கள், எழுதாதவர்களைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு எடை குறைந்தனர். 2019இல் 142 பேரைக் கொண்டு நடந்த மற்றோர் ஆய்வு, கைப்பேசி வழியாகப் பதிய நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தது. முதல் மாதம் 23 நிமிடம். ஆறாம் மாதம் 15 நிமிடத்துக்கும் குறைவு. எத்தனை நேரம் செலவிட்டார்கள் என்பதைவிட, நாளுக்கு எத்தனை முறை பதிந்தார்கள் என்பதே எடையோடு தொடர்புடையதாக இருந்தது. ஒவ்வொரு வேளையும் உடனுக்குடன் இரண்டு வரி எழுதுபவர், இரவில் அமர்ந்து இரண்டு பக்கம் எழுதுபவரை விட நல்ல பலன் கண்டார் என்று இதை விளங்கிக்கொள்ளலாம்.

இரவில் எழுதினால் என்ன குறை என்று கேட்கலாம். 1992இல் நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. குறைவாகவே உண்கிறேன், ஆனாலும் எடை குறையவில்லை என்று முறையிட்ட பத்துப் பேரின் உண்மையான உணவளவை, உடல் செலவழிக்கும் ஆற்றலை அளக்கும் நுட்பமான முறையால் கணக்கிட்டனர். அவர்கள் தாம் உண்டதில் ஏறக்குறையப் பாதியைச் சொல்லவே இல்லை. வேண்டுமென்றே பொய் சொன்னார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. வாய் உண்டதை மனம் பதியவில்லை, அவ்வளவே. வாப்பாவின் தேநீரைப் போல.

வாப்பாவின் முதல் வாரத்து நோட்டுப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. காலை: ஒறட்டி நான்கு, தேங்காய் அரைத்த மீன் குழம்பு. பத்து மணி: தேநீர், நேந்திரங்காய் வத்தல். பதினொன்றரை: தேநீர். இப்படியே போகிறது. ஒரு நாளைக்குத் தேநீர் ஏழு. ஒவ்வொன்றிலும் சர்க்கரை இரண்டு கரண்டி. ஏழாம் நாள் வாப்பா அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டாம் வாரத்தில் தேநீர் நான்கு. சர்க்கரை ஒரு கரண்டி. மூன்றாம் வாரம் வத்தல் என்ற சொல் ஒரே ஒரு முறை வருகிறது, அதுவும் சிறிய எழுத்தில். ஆறு மாதத்தில் 82 கிலோவிலிருந்து 76 கிலோவுக்கு வந்தார்கள். இது எழுத்தால் மட்டும் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். மாத்திரையும் மாலை நடையும் உண்டு.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை உண்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் உணவைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துபோகும். கர்ப்பிணிகளும் வளரும் பிள்ளைகளும் எடைக் கணக்கில் இறங்க வேண்டியதே இல்லை. எண்ணிக்கையே மனநோயாகி, ஒரு பேரீச்சம்பழத்துக்குக்கூட அஞ்சும் நிலைக்குச் சிலர் போவதையும் கண்டிருக்கிறேன். ஆயிஷா (ரலி) அவர்களின் வாற்கோதுமைச் செய்தி அப்போது நினைவுக்கு வரும்.

நம் வீடுகளுக்கே உரிய இடர்ப்பாடுகள் வேறு உள்ளன. தமிழ் முஸ்லிம் ஊர்கள் பலவற்றில் விருந்து என்றால் ஸஹன்தான். ஒரே தாலத்தைச் சுற்றி மூவரோ நால்வரோ அமர்ந்து உண்ணும்போது, யார் எவ்வளவு உண்டார் என்று எந்தச் செயலி சொல்லும்? குன்னூர் ஆய்வாளர்கள் வீட்டு உணவை நிறுத்துத் தலைக்கணக்கால் வகுத்தார்களே, அதைத்தான் நாமும் செய்ய வேண்டியிருக்கிறது. தாலத்தில் இருந்த நெய்ச்சோறு ஏறக்குறைய இவ்வளவு, உண்டவர் நால்வர் என்று எழுதிக்கொள்ளலாம். துல்லியம் இல்லைதான், ஆனால் எழுதாத விருந்தை விட, பிழையோடு எழுதிய விருந்து மேலானது.

அடுத்தது அட்டவணைச் சிக்கல். குன்னூர் ஆய்வுக்கூடங்கள் 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயின. அங்கிருந்து 2017இல் வெளிவந்த அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் உள்ளன. அவை பெரும்பாலும் அரிசி, தேங்காய், மீன் என்ற மூலப்பொருள்கள். ஒறட்டியையும் நோன்புக் கஞ்சியையும் அங்கே தேடிப் பயனில்லை. கைப்பேசிச் செயலிகளில் கஞ்சி என்று தேடினால் வேறெந்த ஊர்க் கஞ்சியோ வருகிறது. ஆகவே நம் பண்டத்தின் கணக்கை நாமே ஒருமுறை போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

போன ரமலானில் எங்கள் வீட்டில் போட்ட கணக்கைச் சொல்கிறேன். பழைய இந்திய அட்டவணையின்படி நூறு கிராமுக்குத் தீட்டிய பச்சரிசி 345 கலோரி, சிறுபருப்பு 348, பச்சைத் தேங்காய் 444, எண்ணெய் 900. பத்துக் கோப்பைக் கஞ்சிக்கு அரிசி 400 கிராம், பருப்பு 50, தேங்காய் 150, எண்ணெய் 30. முறையே 1,380, 174, 666, 270, மொத்தம் 2,490. பத்தால் வகுத்தால் கோப்பைக்கு ஏறத்தாழ 250 கலோரி. எங்களுக்கு வியப்பளித்தது தேங்காய்தான். எடையில் அரிசியின் பாதியைக்கூட எட்டாத அது, கலோரியில் அதன் பாதியை ஏறக்குறைய எட்டிவிட்டது. அரைமுறித் தேங்காயைக் குறைத்தும் பார்த்தோம். இரண்டாம் நாள் யாரும் சுவை வேறுபாட்டைக் கண்டுகொள்ளவில்லை, மூன்றாம் நாள் வாப்பா கண்டுகொண்டார்கள்.

அந்தக் கணக்குக்காகவே பரணிலிருந்து உழக்கை இறக்கினோம். சமையலறைத் தராசில் வைத்து, தலைதட்டிய ஓர் உழக்கு எங்கள் வீட்டு அரிசியில் எத்தனை கிராம் என்று ஒருமுறை பார்த்து, நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் உம்மா எழுதி வைத்தார்கள். அதன் பிறகு தராசு தேவைப்படவில்லை. பெருநாளைக்கு முந்தைய இரவு ஃபித்ரா அரிசியும் அதே உழக்கால் அளக்கப்பட்டது. எத்தனை உழக்கு ஒரு ஸாஉவுக்குச் சரி என்று வாப்பாவுக்கும் என் மைத்துனருக்கும் அரைமணி நேர விவாதம் நடந்தது. கடைசியில் சந்தேகத்துக்கு ஆளுக்கு ஓர் உழக்கு கூட்டிப் போட்டோம்.